மேய்ப்பன் என்ன பாவம் செய்தான்?

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஜெபத்துக்குக் கொடுத்த தாளில் 23ஆம் சங்கீதம் அச்சடித்திருந்தது: "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா கோயில் பக்கம் அதிகம் போகாதவர். தாளைப் பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்து, "ஏம்ப்பா, ஆயர்னா பிஷப்தானே? ஆண்டவர் எப்ப பிஷப் ஆனாரு?" என்றார். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பை அடக்கியது ஒருபுறம் இருக்க, அவர் கேட்டதில் தப்பே இல்லை.

எங்கள் வீட்டில் அது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்". பாட்டி சொல்லிக் கேட்டு மனப்பாடம் ஆனது. பழக்கப் பாசத்தில் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழைய வேதாகமத்தின் ஜீவன், சுவிசேஷம், இரட்சிப்பு எல்லாவற்றையும் கட்டிக்காக்கும் எண்ணம் எனக்கு இல்லை. 1995இல் வந்த புது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் (அந்தத் தாளில் இருந்தது அதன் வரிதான்) வடமொழி ஜீவனை உயிர் ஆக்கியது நல்ல வேலை. ஆனால் களை எடுக்கப் போனவர்கள் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டார்கள். மேய்ப்பன் வடமொழியா என்ன? ஆயனைப் போலவே அதுவும் அப்பட்டமான தமிழ்.

சொல் வரலாறு சுருக்கமாக. எபிரேயத்தில் 'ரோஈ', 'என்னை மேய்ப்பவர்'. மேய்த்தல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். கிரேக்கத்தில் 'பொய்மேன்' (பொய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை). லத்தீனில் 'பாஸ்தோர்'; தீனி கொடு, மேயவிடு என்னும் வினையிலிருந்து வந்தது. அதுதான் ஆங்கிலம் வழியாக நம் ஊர் பாஸ்டர் ஆனது. தமிழில் ஆடு மேய்கிறது, ஆள் மேய்க்கிறான், மேய்ப்பவன் மேய்ப்பன். வினை வெளியே தெரிய நிற்கும் பெயர். எபிரேயத்துக்கு இவ்வளவு ஒட்டி வரும் சொல் வேறு எத்தனை மொழிகளுக்கு வாய்த்திருக்கும்?

ஆயன் கூடாது என்பதற்குச் சிலர் ஒரு காரணம் சொல்வார்கள்: ஆ என்றால் பசு, ஆயன் மாடு மேய்ப்பவன், வேதத்தில் வருவதோ ஆடு. இந்த வாதம் எனக்கு வேண்டாம். கலித்தொகையில் பசு மேய்க்கும் கோவினத்தாயர், எருமை மேய்க்கும் கோட்டினத்தாயரோடு புல்லினத்தாயரும் இருக்கிறார்கள். புல்லினம் என்றால் ஆடுதான். ஆகவே ஆயன் ஆட்டையும் மேய்க்கலாம், இலக்கணம் தடுக்காது. என் சண்டை வேறு.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் வயலில் ராத்திரி மந்தையைக் காத்துக் கிடந்தவர்களுக்குக் கிரேக்க மூலம் சொல்வது 'பொய்மேன்' என்பதன் பன்மையை. யோவான் பத்தாம் அதிகாரத்தில் இயேசு தன்னைச் சொல்லிக்கொள்வதும் அதே சொல். பழைய மொழிபெயர்ப்பில் வயலில் கிடந்தவர்களும் மேய்ப்பர்கள், இவரும் மேய்ப்பன். திருவிவிலியத்தில் அவர்கள் இடையர்கள்; இவர் மட்டும் "நல்ல ஆயன் நானே". ஒரே சொல் இரண்டாகப் பிளந்து, குளிரில் கிடந்தவர்களுக்குக் கீழ்ப்படி, ஆண்டவருக்கு மேல்படி. இடையன் என்றால் அன்றாடம் காதில் விழும் பெயர், ஆயன் என்றால் கொஞ்சம் பழசு, கொஞ்சம் கம்பீரம் என்று தோன்றியிருக்கலாம். இலக்கியத்தில் இரண்டு பேரும் ஒரே முல்லை நிலத்து ஆட்கள்தான். ஆடு மேய்ப்பவனோடு தன்னைச் சேர்த்துக்கொண்டார் என்பதுதானே அங்கே சேதியே? அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? (அந்த லூக்கா வசனத்தில் மந்தைக்குக் 'கிடை' என்று போட்டிருப்பது அருமை. அந்த ஒரு சொல்லுக்காக அவர்களைப் பாதி மன்னிக்கலாம்.)

அப்புறம் பதவிக் குழப்பம். கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில் பேராயர் என்றாலே பிஷப். பிஷப் என்ற சொல்லின் மூலமோ மேய்ப்பவர் இல்லை. கிரேக்க 'எபிஸ்கொபொஸ்', மேலிருந்து கவனிப்பவர். பழைய தமிழ் வேதாகமம் அதைக் கண்காணி என்று சரியாகவே போட்டது. பேதுருவின் முதல் நிருபத்தில் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: "மேய்ப்பரும் கண்காணியுமானவர்". இரண்டு பாத்திரம், இரண்டு சொல். ஆயரே கண்காணியும் ஆகிவிட்ட பழக்கத்தில், "ஆயரும் பிஷப்பும்" என்றால் ஒரே ஆளை இரண்டு முறை கூப்பிட்டது போல இருக்கும். தோட்டத்துக் கண்காணி ஞாபகம் வந்து அந்தச் சொல்லை யாரும் பதவிக்கு வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பது புரிகிறது. அதற்காக ஆடு மேய்ப்பவரின் பெயரை எடுத்து அங்கே மாட்ட வேண்டுமா?

எசேக்கியேல் 34ஐ வாசித்தால் என் கோபம் இன்னும் விளங்கும். "தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!" கொழுத்ததை அடித்துத் தின்று, கம்பளியை உடுத்திக்கொண்டு, மந்தையைப் பட்டினி போட்ட தலைவர்களுக்கு விழும் சாட்டையடி அது. பெயரும் வினையும் ஒரே வேரில் இருப்பதால்தான் அடி சுளீர் என்று விழுகிறது. மேய்ப்பர், ஆனால் மேய்ப்பது தங்களை. ஆயர் என்று வைத்துப் பாருங்கள், அர்த்தம் நிற்கும், சுளீர் போய்விடும். பேதுருவிடம் இயேசு "என் ஆடுகளை மேய்ப்பாயாக" என்கிறாரே, அங்கே வினையை மாற்ற யாருக்கும் வழியில்லை. 'ஆய்ப்பாயாக' என்றா எழுத முடியும்?

பழைய வேதாகமத்தையே வாசிக்கும் என் பக்கத்து ஆட்களையும் விடுவதாக இல்லை. பாஸ்டருக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் உடனே போதகர் என்கிறார்கள். போதகர் கற்பிப்பவர். எபேசியர் நாலாம் அதிகாரத்தில் "சிலரை மேய்ப்பராகவும் போதகராகவும்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறது. மேய்ப்பரை ஆண்டவருக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, மைக் பிடித்துப் பேசுவதை ஊழியர்கள் எடுத்துக்கொண்டார்கள். நோயாளி வீட்டுக்கு நடப்பது, காணாமல் போன ஒன்றைத் தேடித் தோளில் போட்டுக்கொண்டு வருவது, இதெல்லாம் போதகர் என்ற சொல்லில் எங்கே இருக்கிறது?

நல்லாயன் என்று சேர்த்து எழுதுவதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன் அதை 'நல்லா... யன்' என்று பிரித்து வாசித்துவிட்டு அர்த்தம் கேட்டு நின்றான். நல்ல மேய்ப்பன் என்றிருந்தால் ஆட்டுக்குட்டியைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் வேண்டாம்.

அந்த 'நல்ல'விலும் ஒரு சிக்கல் உண்டு. கிரேக்கத்தில் அங்கே நிற்பது 'கலொஸ்'. நல்லவன் என்பதோடு அழகன், சீரியவன் என்றும் பொருள்படும். ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் தாடியில்லாத இளைஞன் ஒருவன் ஆட்டைத் தோளில் சுமந்து நிற்பதாக வரைந்து வைத்ததைப் பார்த்தால் அந்த அழகு தெரியும். அதற்குத் தமிழில் என்ன போடுவது? 'எழில் மேய்ப்பன்' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். கவிதைப் போட்டிக்கு அனுப்பியது போல இருந்தது, அடித்துவிட்டேன்.