தெருவில் கிடக்கும் டிராலி: யாரிடம் சொல்வது, யார் செலவு?

இங்கிலாந்தில் சூப்பர் மார்க்கெட் டிராலி ஒன்று நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தால், கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி மன்றம்) அதை எடுத்துப் போக 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் தானாக வந்துவிடாது. கவுன்சில் கடைக்காரர்களைக் கலந்து பேசி, தீர்மானம் போட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவித்திருக்க வேண்டும். தீர்மானம் நடைமுறைக்கு வரக் குறைந்தது மூன்று மாதம்.

எடுத்த டிராலியை ஆறு வாரம் வைத்திருப்பார்கள். 14 நாளுக்குள் கடைக்குத் தகவல் போக வேண்டும். ஆறு வாரத்துக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் விற்கலாம், அழிக்கலாம். செலவு கடையின் தலையில்தான். 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கடை டிராலியைத் திரும்பக் கேட்காவிட்டாலும் கவுன்சில் பணம் வசூலிக்கலாம். தகவல் சொன்னவருக்கு ஒரு பென்னி செலவில்லை. அதனால் தயங்கவே வேண்டாம்.

சரி, எப்படிச் சொல்வது? கவுன்சில் இணையதளத்திலோ, தெருப் புகார்களைக் கவுன்சிலுக்கு அனுப்பிவைக்கும் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் (FixMyStreet) தளத்திலோ பதியலாம். கைப்பிடியில் கடையின் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு அந்தக் கடைக்கே நேராகப் போன் செய்தாலும் நல்லது. இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "பார்க் பக்கத்தில்" என்றால் வருகிறவர் சுற்றிச் சுற்றித் தேடுவார். பக்கத்து விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அது போதும். பாதையை மறித்துக் கிடந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். குழந்தை வண்டியோடு வருகிற தாய் ஒருத்தி அந்த டிராலிக்காக வண்டிகள் ஓடும் சாலையில் இறங்கித்தான் சுற்றிப் போக வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் எனக்குப் பெரிய கவலை.

தனியார் இடத்தில் கிடந்தால் தாமதமாகும். அங்கே இருப்பவர் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும்.

ஆற்றிலோ கால்வாயிலோ விழுந்ததை நீங்களே இழுக்கப் போகாதீர்கள். கம்பிக் கூடையில் பாசியும் கிளையும் பிளாஸ்டிக் பையும் சிக்கி, பார்ப்பதைவிடப் பல மடங்கு கனக்கும், கரையும் வழுக்கும். படம் எடுத்து அனுப்பினால் போதும்.

பதிந்ததும் வரும் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்தும் டிராலி அங்கேயே இருந்தால், அந்த எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதி, டிராலி தீர்மானம் நம் கவுன்சிலில் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.