கருப்புக் கல்லில் ப்ளாட்டினம் இருக்கிறதா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பர்கூர், ஜெகதேவி பக்கம் குவாரி வேலைக்குப் போகும் ஜியாலஜிஸ்ட் யாரைக் கேட்டாலும் சொல்வார், கர்ச்சீப்பில் சுற்றிய கல்லை எடுத்து "சார், இது ப்ளாட்டினம்னு சொல்றாங்க, கொஞ்சம் பாருங்க" என்று நீட்டும் ஆட்களைப் பற்றி. என்னிடமும் வருகிறார்கள். பெரும்பாலும் அது நம்ம ஊர் கருப்பு கிரானைட் துண்டுதான், மினுக்குவது பைரைட் அல்லது மைக்கா. கல்லைக் காட்டுவதில் தப்பே இல்லை. "உங்க நிலத்துல கோடிக்கணக்குல இருக்கு, டெஸ்டுக்கு மட்டும் அட்வான்ஸ் போடுங்க" என்று பின்னாலேயே வருகிற புரோக்கர்தான் சிக்கல்.

ப்ளாட்டினம் சேரும் விதம் தெரிந்தால் அந்த ஆளிடம் நீங்களே நாலு கேள்வி கேட்கலாம். உலகின் பெரிய ப்ளாட்டினச் சுரங்கங்கள் தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் இருக்கின்றன. சுமார் 205 கோடி ஆண்டுகளுக்கு முன், இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த பாறைக்குழம்பு பூமிக்குள்ளேயே பரவி, 7 கிலோமீட்டருக்கும் அதிகமான தடிமனில் தங்கிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு மெதுவாகத்தான் ஆறும். ஆறும்போது ஒலிவின், குரோமைட், பைராக்ஸீன், பிளேஜியோகிளேஸ் என்று ஒவ்வொன்றாகப் படிகமாகி அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பாறைக்குழம்பில் கந்தகம் அளவுக்கு மீறினால், சல்பைடு, அதாவது கந்தகமும் உலோகமும் சேர்ந்த கலவை, தனித் துளிகளாகப் பிரியும், சாப்பாட்டுக் குழம்பில் எண்ணெய் பிரிவது மாதிரி, ஆனால் இது கனமானது, மேலே மிதக்காமல் அடியில் இறங்கும். ப்ளாட்டினத்துக்கும் அதன் கூட்டாளி உலோகமான பலேடியத்துக்கும் இந்தத் துளிமேல் அவ்வளவு பிடிப்பு. ஒரு துளி எவ்வளவு பாறைக்குழம்பைத் தொட்டுக்கொண்டு வருகிறதோ அவ்வளவு உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அது உறைந்து, பிரகைட், கூப்பரைட், லாரைட் போன்ற அபூர்வ கனிமங்களாகிறது. இவை பெரும்பாலும் தலைமுடி தடிமன்கூட இல்லாத துணுக்குகள். பிரகைட்டை 1932-இல் எக்ஸ்ரே வைத்துத்தான் புதுக் கனிமம் என்றே கண்டுபிடித்தார்கள். புஷ்வெல்டில் 1924-இல் கண்டறியப்பட்ட, ப்ளாட்டினம் இருக்கும் மெரென்ஸ்கி அடுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது, பல இடங்களில் தடிமன் ஒரு மீட்டர்கூட இல்லை. ப்ளாட்டினமும் அதன் கூட்டாளி உலோகங்களும் எல்லாம் சேர்த்தே டன்னுக்கு 5 முதல் 7 கிராம் என்ற அளவில்தான்.

சரி, நம்ம கருப்பு கிரானைட்? அது பெரும்பாலும் டோலரைட் என்ற பாறை. புஷ்வெல்டில் வந்த அதே வகைப் பாறைக்குழம்புதான், ஆனால் குறுகிய வெடிப்புக்குள் ஏறிச் சீக்கிரம் ஆறிவிட்டது. அடுக்காகப் பிரியவோ, சல்பைடு இறங்கிச் சேரவோ நேரமே இல்லை. அதனால்தான் இழை சீராக இருக்கிறது, அதனால்தான் பாலிஷும் பளபளவென்று ஏறுகிறது. அரூர், ஊத்தங்கரைப் பக்கம் மாலிப்டினம் உண்டு, சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற பாறை உண்டு, அவையெல்லாம் வேறு வழியில் வந்தவை. அடுக்குப் பாறை பார்க்க வேண்டுமானால் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிக்குப் போகலாம். அனார்த்தோசைட் என்ற வெள்ளைப் பாறைக்கு நடுவே கருப்புக் குரோமைட் பட்டைகள் தெரியும். இஸ்ரோ நிலா மண் மாதிரி தயாரித்ததும் அந்தப் பக்கத்துப் பாறையில்தான்.

அப்புறம் இந்த இரிடியம். அதுவும் ப்ளாட்டினத்தின் குடும்பம்தான், குரோமைட் பட்டைகளில் துணுக்குகளாக ஒளிந்திருக்கும். கோயில் கலசத்தில் இடி விழுந்தால் இரிடியமாகாது, அரிசியையும் இழுக்காது. 'ரைஸ் புல்லிங்' என்று எவர் வீடியோ காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

துப்பாக்கி மாதிரி ஒரு மெஷினைக் கல்லில் வைத்து, திரையில் ப்ளாட்டினம் என்று காட்டுவதும் நடக்கிறது. மெஷின் பொய் இல்லை, நல்ல கருவிதான். ஆனால் டன்னுக்கு 5 கிராம் என்றால் பத்து லட்சத்தில் 5 பங்கு, அதை இந்தக் கருவியால் நம்பிச் சொல்ல முடியாது, வேறு தனிமத்தின் சிக்னல் மேலே விழுந்து இல்லாததை இருப்பதாகவும் காட்டும். இதற்கு ஃபயர் அசேதான் வழி: கல்லைப் பொடியாக்கி, ஈயம் அல்லது நிக்கல் சல்பைடோடு உருக்கி, உலோகத்தைத் தனியாகப் பிரித்து அளப்பது.

அதற்கு முன்னால் வீட்டிலேயே பாருங்கள். மினுக்குவதை ஊசியால் கிளறினால் ஏடு ஏடாக உரிகிறதா, மைக்கா. டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பில்லாத இடத்தில் தேய்த்தால் பச்சை கலந்த கருப்புக் கோடு விழுகிறதா, பைரைட். இதையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால் கல்லை நீங்களே நேரடியாக லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள். புரோக்கர் கொண்டுவரும் ரிப்போர்ட்டில் அவர் எந்தக் கல்லைக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.