பேஸ் அடிக்கலன்னா டிரைவர்ல (பாக்ஸுக்குள்ள இருக்குற ஸ்பீக்கர்) எது போச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

செங்கோட்டை, புளியரை பக்கம் கோயில் கொடைக்கு சவுண்ட் செட் போடுறவங்க, மலை தாண்டி ஆரியங்காவு தென்மலைன்னு உற்சவத்துக்கு பாக்ஸ் ஏத்திட்டு போறவங்க, எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணாச்சி, பேஸ் வரல, ரீகோன் பண்ணிரலாமா?" ரீகோன்னா உள்ள இருக்குற கோன், காயிலை புதுசா மாத்துறது. கொஞ்சம் பொறுங்க. எது போச்சு, ஏன் போச்சுன்னு ரெண்டையும் பாத்துட்டு குடுங்க, ஏன்னு தெரியாம புது காயில் போட்டா அதுவும் கருகத்தான் செய்யும்.

உள்ள இருக்கிறது ரொம்ப எளிமையான ஏற்பாடு. மேக்னட் நடுவுல வட்டமா ஒரு சின்ன இடைவெளி, அதுக்குள்ள உரசாம தொங்குற செம்புக்கம்பி காயில், கரண்ட் திசை மாற மாற காயில் முன்னும் பின்னும் போகும், கூடவே அதோட ஒட்டிருக்குற கோன் (முன்னால தெரியுற கூம்பு) காத்தை தள்ளும். 1925ல அமெரிக்காவுல ரைஸ், கெல்லாக்னு ரெண்டு பேர் பண்ணின அமைப்புதான் அடிப்படைல இன்னைக்கும். ஆனா ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) குடுக்குற பவர்ல சில சதவீதம்தான் சத்தமாகுது, மிச்சம் பூரா காயில்ல சூடாத்தான் நிக்குது. பல கேஸ்ல அந்த சூடுதான் காரணம்.

முதல்ல ஆம்ப் வயரை கழட்டிட்டு மீட்டரை ஓம்ஸ்ல வைங்க. 8 ஓம் டிரைவர் சுமார் 5லருந்து 6.5 வரைக்கும் காட்டும், 8 காட்டலயேன்னு பயப்பட வேண்டாம், மீட்டர் அளக்குறது வெறும் கம்பியோட ரெசிஸ்டன்ஸ், 8ங்கிறது பாட்டு ஓடும்போது ஆம்ப் பாக்குற இம்பீடன்ஸ், அதாவது திசை மாறுற கரண்டுக்கு வர்ற மொத்த தடை. ஒண்ணுமே காட்டலன்னா எங்கயோ அறுந்திருக்கு, அப்ப கோனை லேசா அசைச்சுப் பாருங்க, ரீடிங் வந்து வந்து போனா கோனுக்கு வர்ற பின்னல் வயர்தான் விட்டிருக்கு, காயில் நல்லாத்தான் இருக்கு, அந்த வயரை மாத்தினாலே போதும். 2, 3ன்னு இறங்கிக் காட்டுனா காயில் சுத்துகள் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட்.

டபுள் பாக்ஸ்ல இன்னொரு விஷயம். ரெண்டு 8 ஓம் டிரைவர் பேரலல்ல இருந்தா மீட்டர்ல சுமார் 2.8 வரணும், 5.6 வந்தா ஒண்ணு செத்துப்போச்சு, இன்னொண்ணு மட்டும் அடிக்குது, அதனாலதான் சத்தம் இருக்கு ஆனா உதை இல்லன்னு தோணுது. ரீடிங் சரியா இருந்தும் உதை இல்லயா? 1.5 வோல்ட் பேட்டரியை பாக்ஸ் வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க, ரெண்டு கோனும் ஒரே பக்கம் நகரணும், ஒண்ணு வெளிய ஒண்ணு உள்ளன்னு போனா வயர் மாறிருக்கு, ஒண்ணு தள்ளுற காத்தை இன்னொண்ணு இழுத்துக்குது. டிரைவர் மேல தப்பே இல்ல.

அடுத்து கைதான் மீட்டர். டஸ்ட் கேப்பை (கோன் நடுவுல இருக்குற மூடி) சுத்தி ரெண்டு பக்கமும் விரலை விரிச்சு வெச்சு கோனை சமமா, மெதுவா அமுக்கணும், சாய்ச்சு அமுக்குனா நல்ல டிரைவரும் உரசும். உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி சத்தம் வந்தா காயில் உரசுது, சூட்டுல உப்பிருக்கலாம், பாக்ஸ் கீழ விழுந்து மேக்னட் நகர்ந்திருக்கலாம், சாரல் மாசத்துல ஈர ஷெட்ல கிடந்து இடைவெளிக்குள்ள துரு ஏறிருக்கலாம்.

கழட்டுன காயிலை தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்கு இதுல இதுதான் முக்கியம். முழுசும் ஒரே சீரா கருகிருந்தா பவர் அதிகம், பெரும்பாலும் கிளிப்பிங், அதாவது ஆம்ப்பால முடிஞ்சதுக்கு மேல கேட்டு அலையோட உச்சி வெட்டுப்படுறது. நடு ராத்திரி ஆக ஆக சத்தம் குறையுதேன்னு கெயினை ஏத்துவாங்கல்ல, உண்மைல என்னன்னா செம்போட ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறுது, 200 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட 1.8 மடங்கு, அதனால காயில் வாங்குற பவரே குறைஞ்சு சத்தம் இறங்குது, அந்த நேரத்துல ஏத்துனா ஆம்ப் கிளிப் ஆகும், அலை தட்டையாகும், முழுசா சதுரமாயிட்டா அதே உயரத்துல இருக்குற சைன் அலையை விட ரெண்டு மடங்கு பவர், காயில் பாவம் எங்க போகும்! அடி ஓரம் நசுங்கி ஸ்பைடர் (காயிலை நடுவுல பிடிச்சிருக்குற நெளிவு துணி) கிழிஞ்சிருந்தா கோன் அளவுக்கு மீறி ஆடிருக்கு, போர்ட் (காத்து போற ஓட்டை) வெச்ச பாக்ஸ்ல டியூனிங்குக்கு (அந்த ஓட்டை வேலை செய்யுற ஃப்ரீக்வென்சி) கீழ கோனுக்கு காத்தோட பிடிமானம் போயிரும், அங்க கிராஸ் ஓவர்ல (சத்தத்தை பேஸ், ட்ரெபிள்னு பிரிக்கிற கருவி) சப்சானிக் ஃபில்டரை (ரொம்ப கீழ் சத்தத்தை வெட்டுறது) போட்டே ஆகணும்.

ஒரு முனை மட்டும் கருகிருந்தா ஆம்ப் மேல சந்தேகப்படுங்க, டிசி (ஒரே திசைல ஓடுற கரண்ட்) வந்து காயிலை ஒரு பக்கமா தள்ளி, இடைவெளிக்கு வெளிய நின்ன பாகம் சூட்டை இறக்க வழியில்லாம எரிஞ்சிருக்கலாம். ஸ்பீக்கர் மாட்டாம, பாட்டு ஓடாம ஆம்ப் அவுட்புட்டை டிசி வோல்ட்ல அளங்க. சில பத்து மில்லிவோல்ட்டுன்னா பரவால்ல, பல வோல்ட் காட்டுனா ஆம்ப்பைத்தான் முதல்ல சர்வீஸுக்கு அனுப்பணும், புது டிரைவரை அதுல மாட்டவே மாட்டாதீங்க.