கிணற்றில் கழிவு கலந்தால்: முறைப்பாடு கிடப்பில் போகாமல் கொண்டுசெல்லும் வழி

கிணற்றுத் தண்ணீர் நாற்றமெடுக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் தெரிகிறது, வீட்டு முன்கானில் கறுப்பு நீர் ஓடுகிறது என்று முறையிடப் போகிறவர்களைத் திருகோணமலை மாவட்டத்தில் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். கிராம உத்தியோகத்தர் பிரதேச செயலகத்துக்குப் போகச் சொல்வார். அங்கே "இது பிரதேச சபையின் வேலை" என்பார்கள். சபையில் "சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதுங்கள்" என்பார்கள். அங்கே போனால் "உரிமம் கொடுத்தது சபைதான்" என்ற பதில் வரும். இத்தனையும் வாய்ப்பேச்சாகவே முடிந்துவிடும். எவருடைய கையெழுத்தும் எந்தத் தாளிலும் இருக்காது. ஆறு மாதம் கழித்து, "உங்களிடமிருந்து முறைப்பாடு எதுவும் வரவில்லையே" என்று அதே அலுவலகம் சொல்லும்போது, அலைந்த மனிதரிடம் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

இந்த அலைச்சலை வெட்டுவதற்கு ஒரு வழி உண்டு. அழுக்கை வெளியேற்றும் இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா, அதை வழங்கியவர் யார் என்பதை முதலில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி, வர்த்தமானியில் குறிப்பிடப்பட்ட தொழில்கள் இந்த உரிமம் இல்லாமல் கழிவை வெளியேற்றக் கூடாது. உரிமம் இருந்தாலும் வரம்பு உண்டு. 2008 பெப்ரவரியில் வந்த வர்த்தமானி, உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுநீருக்கு அளவுகளை விதித்தது: உயிர் இரசாயன ஒட்சிசன் தேவை (நீரிலுள்ள அழுக்கைக் கிருமிகள் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராம், தொங்கு திண்மங்கள் 50, எண்ணெயும் கிரீசும் 10. பெரிய தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை உரிமம் வழங்குகிறது. சிறியவற்றுக்கு அதிகாரசபை கையளித்த அதிகாரத்தின் கீழ் உள்ளூராட்சி மன்றங்கள் வழங்குகின்றன. மக்கள் பந்தாடப்படுவது இந்தப் பிரிவினையின் நடுவில்தான்.

உரிமம் யாருடையது?

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும் ஆலையா, உலர்முறையில் குற்றும் ஆலையா, நாளொன்றுக்கு எவ்வளவு உற்பத்தி, விடுதியென்றால் எத்தனை அறைகள் என்பவற்றைப் பொறுத்து உரிமம் வழங்குபவர் மாறுவார். தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ அரிசி ஆலைக்கு அருகில் வசிக்கும் ஒருவர் இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஊகித்து எழுதினால் பெரும்பாலும் தவறான கதவில்தான் போய் நிற்பார். ஒரே கடிதத்தை அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் உங்கள் பிரதேச சபைச் செயலாளருக்கும் அனுப்புங்கள். "இந்த நிறுவனத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உள்ளதா? வழங்கியவர் யார்? எந்தத் திகதி வரை செல்லுபடியாகும்? நிபந்தனைகளின் பிரதியைத் தருக" என்று கேளுங்கள்.

இதை வேண்டுகோளாக எழுதாதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழான விண்ணப்பமாக எழுதுங்கள். இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "முதலில் காரணத்தைச் சொல்லுங்கள்" என்று மேசையில் கேட்டால், சட்டம் அதைக் கோரவில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் தகவல் அலுவலர் ஏற்றுக்கொள்ள வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தொதுக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். மக்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்த 14 நாட்களைத்தான். "இன்னும் பார்க்கிறோம்" என்று தொலைபேசியில் சொல்வதை நம்பிக் காத்திருப்பார்கள், நாள் கடந்துவிடும். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஆலைக்காரர் ஒரு தாளைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார். பல இடங்களில் அது சபை வழங்கிய வியாபார அனுமதிப்பத்திரமாக இருக்கும். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு. "அனுமதி எடுத்துத்தான் நடத்துகிறார்கள்" என்று அலுவலர் சொன்னால், எந்த அனுமதி என்று கேளுங்கள். சுற்றாடல் உரிமமே இருந்தாலும் அது காலாவதியாகும். நிபந்தனையை மீறினால் அதை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் அதிகாரம் உண்டு. ஆகவே "உரிமம் இருக்கிறது, ஒன்றும் செய்ய முடியாது" என்ற பேச்சைப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

முறைப்பாட்டைத் திருப்பி அனுப்புவதற்குச் சொல்லும் காரணங்கள்

காணி உறுதி கேட்பார்கள். கழிவு பற்றி முறையிடுபவர் காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் முறையிடலாம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, மீள்குடியேறிய பின்னும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கங்களில் இருக்கின்றன. உறுதி இல்லை என்ற பயத்திலேயே அவர்கள் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் தேவையற்றது. இருவேறு விடயங்களையும் ஒன்றாக்கிப் பேசும் அலுவலருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கிராம உத்தியோகத்தரின் கடிதம் கேட்பார்கள். இருந்தால் நல்லது. இல்லையென்பதற்காக முறைப்பாட்டை வாங்க மறுக்க முடியாது. மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

"ஆய்வுகூட அறிக்கை கொண்டுவாருங்கள்" என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. நாட்கூலிக்குப் போகும் பெண்ணிடம், தண்ணீரைச் சோதிக்கப் பணம் கட்டி அறிக்கை வாங்கி வா என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் திரும்பி வருவதில்லை, கோவையும் மூடப்படும். கழிவை மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரமும் கடமையும் அதிகாரசபையிடம் இருக்கின்றன. முறைப்பாட்டிலேயே இப்படி எழுதுங்கள்: "கழிவு வெளியேறும் வாயிலிலும் எனது கிணற்றிலும் மாதிரி எடுத்துப் பரிசோதிக்குமாறு கோருகிறேன்." கிணற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அழைக்கலாம். அவர் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைச் சேர்ந்தவர்.

இரண்டு இடங்களிலும் மாதிரி எடுக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், கிணற்றை மட்டும் சோதித்தால் அழுக்கு இருப்பது தெரியும், எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. "உங்கள் மலசலகூடக் குழியிலிருந்து வந்திருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி மணலில் குழிநீர் விரைவாக ஊடுருவும். வடகீழ்ப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே எழும்பும்போது குழியும் கிணறும் கலந்துவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி தூரம் வேண்டும் என்று பரிசோதகர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். மணல் நிலத்தில் அதுவும் போதாமல் போகலாம். ஆகவே முறையிடும் முன் உங்கள் வீட்டுக் குழியின் தூரத்தை அளந்து கடிதத்தில் எழுதிவிடுங்கள். அந்த வாதத்தை அவர்கள் எடுப்பதற்கு முன்பே நீங்கள் அடைத்துவிடலாம்.

எதைச் சோதிக்க வேண்டும் என்பதையும் நீங்களே கேளுங்கள். அரிசி ஆலை, மீன் பதனிடும் இடம் என்றால் ஒட்சிசன் தேவை, தொங்கு திண்மம், காரகாடித்தன்மை. வாகன சர்விஸ் நிலையம் என்றால் எண்ணெயும் கிரீசும். இதற்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் எடுத்தால் எண்ணெய் சுவரில் ஒட்டிவிடும். மலக்கழிவு என்றால் ஈ.கோலை பற்றீரியாவும் நைத்திரேற்றும். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. இந்த மாதிரிக்குக் கிருமிநீக்கிய போத்தல் வேண்டும், பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வுகூடம் சேர வேண்டும். மாதிரி எடுக்க வருவதற்கு முந்திய நாள் யாராவது "சுத்தப்படுத்துங்கள்" என்று சொல்லிக் கிணற்றில் குளோரின் போட வைத்தால் சம்மதிக்காதீர்கள். சான்று அத்தோடு அழிந்துவிடும்.

நேரமும் முக்கியம். இரவில் திறந்துவிடுவார்கள், பகலில் அலுவலர் வருவார், கான் காய்ந்து கிடக்கும். "கள ஆய்வில் எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை எழுதப்படும். எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். திகதி, நேரம் தெரியும்படி கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரசபையின் 1981 என்ற இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மலக்கழிவு பவுசர் களப்பு ஓரத்திலோ காட்டோரத்திலோ ஊற்றுவதைக் கண்டால் வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்கு 119இல் சொல்லுங்கள். வாகனம் போன பிறகு அந்த வழக்கு நிற்பது கடினம்.

கடலுக்குள் போகும் குழாய்

கரையோர விடுதிகளின் கழிவுக் குழாய் கடற்கரையில் திறந்தால் கதை இன்னும் சிக்கலாகும். கடல் நீர் மாசடைவது 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையிடம் வருகிறது. கரையில் கட்டடமும் குழாயும் போட அனுமதி கொடுத்தது கரையோரம் பேணல் திணைக்களம். விடுதியின் உரிமம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமோ சபையிடமோ இருக்கும். மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒவ்வொரு கடிதத்தின் கீழும் மற்ற இருவருக்கும் பிரதி அனுப்பியதாகக் குறிப்பிடுங்கள். ஒருவர் மற்றவரைச் சுட்டிக்காட்டித் தப்புவதற்கு இடம் குறையும்.

வயல் உரமும் பூச்சிகொல்லியும் இந்த உரிமத்துக்குள் வராது. மருந்துத் தாங்கியை வாய்க்காலில் கழுவுவதைப் பற்றிக் கமநல சேவை நிலையத்திலும் உங்கள் விவசாய சம்மேளனத்திலும்தான் பேச வேண்டும்.

பதில் வராவிட்டால்

உங்கள் கடிதம் தமிழில் இருந்தால் பதிலும் தமிழில் வர வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சிங்களத்தில் மட்டும் வந்த பதிலைப் புரியாமல் வைத்திருந்து மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். வந்த அன்றே தமிழில் கேட்டு எழுதுங்கள். அதோடு, யாரிடமாவது வாசிப்பித்து நாள் கணக்கையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.

அதிகாரசபையும் சபையும் அசையவில்லை என்றால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். பலரும் சறுக்குகிற இடம் "பொது" என்பதுதான். ஒரு வீட்டுக் கிணறு மட்டும் என்றால் அது இரு தனியாரின் தகராறு என்று எதிர்த்தரப்பு வாதிடும். பக்கத்து வீடுகள், பள்ளிவாசல், கோயில், பாடசாலைக் கிணறு என்று பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கூற்று வாங்குங்கள். ஐம்பது பேர் ஒரே தாளில் கையெழுத்திட்ட மகஜரைவிடப் பத்துப் பேரின் தனிக் கூற்றுகள் நீதிமன்றத்தில் பலமானவை. சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். வருமானத்தைப் பார்ப்பார்கள், அதற்கான சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள்.

அரச நிறுவனம் தன் கடமையைச் செய்யாமல் இருந்ததுதான் உங்கள் குறை என்றால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு உண்டு. அதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. முறையிட்டதற்கான சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று நினைப்பவர்களுக்குச் சுன்னாகம் ஞாபகமிருக்கும். மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பான வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது. பாதிக்கப்பட்ட 500 பேர் வரை, ஒருவருக்கு 40,000 ரூபாய் என்று அது பகிரப்பட வேண்டும் என்றது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நியதியும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

இவ்வளவும் நடந்து முடிய மாதங்கள் ஆகும். அதுவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், எண்ணெயையும் நைத்திரேற்றையும் நீக்காது. நைத்திரேற்று உள்ள நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பது ஆபத்து. மாற்று நீராகப் பவுசர் தண்ணீர் தருமாறு சபைக்கும் பிரதேச செயலாளருக்கும் எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதத்தின் பிரதியையும் அதே கோவையில் போட்டு வையுங்கள்.