ஜூரி இல்லை, சாட்சி உண்டு: சம்மன் வந்தால் உங்களுக்கு உள்ள உரிமைகள்

கொலை வழக்கில் பொதுமக்களைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்துத் தீர்ப்புக் கேட்பார்களா என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கேயும் கேட்டார்கள். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் 1945-இல் குற்றவாளிகள் என்று சொன்னது, சென்னை பாரிமுனை ஐகோர்ட்டில் உட்கார்ந்த ஜூரிதான், அதாவது பொதுமக்களில் இருந்து எடுத்த குழுதான். பட்டியலில் உள்ளவர்களை வரவழைத்து, சீட்டுக் குலுக்கி ஆள் எடுப்பார்கள். ஒருவர் வேண்டாம் என்று குற்றம் சாட்டப்பட்டவர் ஆட்சேபிக்கலாம். 1947-இல் அதே ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. இப்போது தீர்ப்பு நீதிபதியுடையது மட்டும்.

ஆகவே காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் ஒருவரைக் கிரிமினல் வழக்குக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் சாட்சி சம்மன்தான். 'பார்த்ததைச் சொன்னால் நமக்குத்தான் வம்பு' என்று ஒதுங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருநாள் கோர்ட்டுக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. குற்றவாளியின் வீடு அடுத்த தெருவில் இருக்கும். ஆனால் சாட்சிக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

முதலில் போலீஸ் விசாரணை. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி, சாட்சியை எழுத்து மூலம்தான் கூப்பிட வேண்டும். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், 60 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும். அவர்களாக விருப்பப்பட்டு வந்தால் வேறு. விசாரணையில் நீங்கள் போலீசிடம் சொன்னதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. இது சட்டத்திலேயே இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

கோர்ட் சம்மன் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அபராதமும் வாரண்டும் வரலாம். உடம்பு சரியில்லை என்றால் அரசு வக்கீல் வழியாகக் கோர்ட்டுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். வந்த சாட்சியை விசாரிக்காமல் வாய்தா போட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் விதி. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அதைக் கோர்ட் எழுதிவைக்க வேண்டும். மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டு, வந்து போகும் செலவுக்கு சாட்சிப்படி கொடுக்கக் கோர்ட் உத்தரவிடலாம். யாரும் தானாகக் கொண்டுவந்து தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். தொகை சிறிதாக இருந்தாலும் கேளுங்கள்.

மிரட்டல் வந்தால்? 2018 டிசம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. புதிய சட்டத்தின் 398-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. 2018 திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்கலாம்; அரசு வக்கீல் துறையின் மாவட்டத் தலைவர்தான் குழுவின் உறுப்பினர் செயலர், மனு அவர் வழியாகப் போகும். உதவி கமிஷனர் நிலையில் உள்ள அதிகாரி மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று 5 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதைப் பார்த்து வீட்டுக்கு ரோந்து, கேமரா, அரசு வண்டியில் கோர்ட்டுக்குக் கூட்டிப் போவது, குற்றவாளி எதிரில் நிற்காமல் சாட்சி சொல்ல ஏற்பாடு என்று உத்தரவு வரலாம். பாதுகாப்பு ஒரு தடவைக்கு 3 மாதம் வரை.

மிரட்டிய நேரம், போன் நம்பர், என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். தனியாகப் பயந்துகொண்டு கோர்ட்டில் வாக்குமூலத்தை மாற்றினால் நீங்கள் பிறழ் சாட்சி; பொய் சாட்சி என்று உங்கள் மேலேயே வழக்கு திரும்பலாம். மனு எழுத ஆள் இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கேட்கலாம்.