தெர்மல் கேமரால கலர மட்டும் பாத்து ஓகே சொல்லிடாதீங்க

கரண்ட் பேனல் கதவத் திறந்து, சூட்ட கலரா காட்டுற தெர்மல் கேமராவ நீட்டி, எல்லாம் நீலமாத்தான் இருக்கு, சூடு இல்லன்னு ரிப்போர்ட் எழுதுறவங்கள நிறைய பாத்துட்டேன், ஆரம்பத்துல நானும் அந்த ரகம்தான். ஒருநாள் பஸ்பார்ல, அதாவது பேனலுக்குள்ள கரண்ட் போற செம்புப் பட்டையில, சூடா ஏதோ தெரியுதேன்னு கிட்டப் போனா அதுவும் என்கூடவே நகருது, தெரிஞ்சது என் உடம்புச் சூட்டோட பிரதிபலிப்பு! பளபளன்னு இருக்குற செம்பு கண்ணாடி மாதிரி, எமிசிவிட்டி, அதாவது தன் சூட்ட கதிரா வெளிய விடுற திறன் (அதிகபட்சம் 1), 0.1 கூட இருக்காது, உள்ள கொதிச்சாலும் கேமராவுக்கு ஆறின மாதிரித்தான் தெரியும். அதனால பக்கத்துல இருக்குற கேபிள் இன்சுலேஷன பாருங்க, அது 0.9க்கு மேல இருக்கும், நம்பலாம். அப்புறம், அக்ரிலிக் கவர் வழியா பாத்தா கவரோட சூடுதான் வரும், உள்ள இருக்குறது வராது. அதுக்காக ஓடுற பேனல்ல கவர கழட்டுறது எல்லாருக்குமான வேலை இல்ல, ஆர்க் (கரண்ட் காத்துல பாஞ்சு வெடிக்கிறது) அடிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்க, அதுக்கான பாதுகாப்பு உடை போட்டுத்தான் கழட்டணும்.

பாக்குறப்ப லோடு, அதாவது ஓடுற கரண்ட், எவ்வளவுன்னு எழுதாத ரிப்போர்ட்ட நான் படிக்கிறதே இல்ல. இணைப்புல வர்ற சூடு கரண்டோட ஸ்கொயர்ல ஏறும், அதாவது கரண்ட் ரெண்டு மடங்குன்னா சூடு நாலு மடங்கு. 20 சதவீத லோடுல 5 டிகிரி வித்தியாசம்னு சும்மா விட்டது, ஃபுல் லோடு வந்தா எங்க போய் நிக்கும்னு யோசிங்க. குறைஞ்சது 40 சதவீதம் லோடாவது இருக்கணும், ஒரே லோடு ஓடுற பேஸ்கள (த்ரீ பேஸ் சப்ளையோட மூணு லைன்கள) ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடணும், 15 டிகிரிக்கு மேல வித்தியாசம்னா தள்ளிப்போடவே கூடாது. லக்குல (கேபிள் நுனியில போட்டு போல்ட்டால இறுக்குற உலோக முனை) சூடு உச்சமா இருந்து கேபிள் வழியா போகப்போக குறையுதுன்னா கோளாறு இணைப்புல, கேபிள் முழுக்க ஒரே மாதிரி சூடுன்னா பெரும்பாலும் ஓவர்லோடு.

இன்னொன்னு, சூடா இருக்குன்னு சொன்னதும் ஸ்பேனர தூக்கிட்டு ஓடி போல்ட்ட இறுக்குறது. ஒரு இடத்துல அப்படி ரெண்டு தடவ இறுக்கியும் நடு பேஸ் மட்டும் 22 டிகிரி கூடவே இருந்துச்சு. சப்ளைய கட் பண்ணி, கரண்ட் இல்லன்னு டெஸ்ட் பண்ணிட்டு கேபிள கையால திருப்பினேன், லக்குக்குள்ள லேசா சுத்துது, கம்பியெல்லாம் கருத்துப்போய் இருக்கு. போல்ட் கல்லு மாதிரிதான் இருந்துச்சு, கோளாறு கிரிம்ப்ல, அதாவது லக்க கம்பி மேல நசுக்கிப் பிடிக்க வச்ச இடத்துல. கருத்தத வெட்டிட்டு சரியான சைஸ் லக் போட்டு, இறுக்கத்த அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச்ல, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கி, மறுநாள் அதே லோடுல மறுபடி பாத்தேன், வித்தியாசம் 1 டிகிரி.