பிளேசென்டர்: சொல் விளக்கம்

பிளேசென்டர் (பெயர்ச்சொல்): பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்காகப் பெற்றோரே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்தும், விளையாட்டு வழிக் கல்வி இடம். நியூசிலாந்தில் பிறந்த சொல். இதைப் பலரும் ‘விளையாட்டு மையம்’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவர் மனதில் வருவது பூப்பந்துத் திடலும் நீச்சல் குளமும்தான்.

‘பிளே’ பழைய ஆங்கிலச் சொல். துள்ளி அசைவது, உடலை ஆட்டுவது என்ற பொருளில் புழங்கியது. ‘சென்டர்’ கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. மூலப்பொருள் கூர்முனை, அதாவது வட்டம் வரையும்போது நடுவில் ஊன்றும் முள். இரண்டையும் கூட்டினாலும் பெற்றோர் வரவில்லை, பாருங்கள். குறை ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. பிளேசென்டர் இயக்கம் கூடவே வைத்திருக்கும், நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழித் தொடர் ‘ஃபானாவ் டுபு ஙாடஹி’. குடும்பங்கள் சேர்ந்து வளர்தல் என்று பொருள். விஷயத்தைச் சரியாகச் சொல்வது இதுதான்.

1941இல் வெலிங்டன் நகரின் கரோரிப் பகுதியில் இது தொடங்கியது. போர்க்காலம். கணவன் படையில், மனைவி கைக்குழந்தைகளோடு வீட்டில் தனியாக. தாய்மார்கள் ஒன்றுகூடி, முறைவைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்குச் சற்று ஓய்வு, குழந்தைக்குத் துணை. 1948இல் இந்த நிலையங்களின் கூட்டமைப்பு உருவானது. அதன் முதல் தலைவர் குவென் சோமர்செட். அப்புறம் வந்த வளர்ச்சியில் முக்கியமானது பெற்றோருக்கான பயிற்சி. குழந்தை எப்படிக் கற்கிறது என்பதைப் பெற்றோரும் படிக்கிறார்கள். படித்துக்கொண்டே நிலையத்தையும் நடத்துகிறார்கள். கணக்கு எழுதுவது, பொம்மை கழுவுவது, கூட்டத்தில் முடிவெடுப்பது எல்லாம் அவர்கள் பாடுதான்.

உள்ளே மணல், தண்ணீர், களிமண், சாயம், வேடம் போடும் துணிகள், தச்சு மேசை எல்லாம் இருக்கும். எதை எடுப்பது, எவ்வளவு நேரம் என்பது குழந்தையின் இஷ்டம். தச்சு மேசையில் இருப்பது பொம்மைச் சுத்தியல் அல்ல, நிஜச் சுத்தியல். பக்கத்தில் உட்காரும் பெரியவர் கட்டையைப் பிடித்துக்கொள்வார். ஆணியை அடித்துத் தரமாட்டார். ஆணி வளைந்தால் வளையட்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘மழலையர் பள்ளி’ என்றால் ஆசிரியரும் பாடமும் வந்துவிடும். ‘காப்பகம்’ பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் இடம். இங்கே நிலையத்தை நடத்துவதே பெற்றோர். ‘பிளே ஸ்கூல்’ என்று தமிழிலேயே புழங்கும் சொல்லும் வேறு பொருள், அது கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனம். பழஞ்சொல் தேடினால் தொல்காப்பியத்தின் உரியியல் பகுதி ‘கெடவரல்’, ‘பண்ணை’ இரண்டுக்கும் விளையாட்டு என்றே பொருள் சொல்கிறது. பண்ணை எனக்குப் பிடித்த சொல். ஆனால் இன்று ‘குழந்தைப் பண்ணை’ என்று பலகை வைத்தால் காவல்துறைதான் வரும்.

நூலகம், உணவகம் போல ‘அகம்’ சேர்த்து விளையாட்டகம் என்று ஆக்கலாம். முன்னால் ‘பெற்றோர்’ கட்டாயம் வேண்டும்: பெற்றோர் விளையாட்டகம். பெற்றோர் விளையாடும் இடமா என்று யாராவது கேலி செய்தால், ஆமாம் என்றே சொல்லலாம். களிமண்ணில் அவர்கள் கையும்தான் இருக்கிறது. நீளமாக விளக்க வேண்டிய இடத்தில் ‘பெற்றோர் கூட்டுறவு விளையாட்டகம்’ என்று எழுதலாம். அரசு ஆவணம் போல் ஒலிக்கிறது என்பது உண்மை, ஆனால் பொருள் பிசகாது. அன்றைக்குப் பொறுப்பேற்கும் பெற்றோரை ‘முறைக்காரர்’ எனலாம்.

எடுத்துக்காட்டு: ‘இன்று விளையாட்டகத்தில் நான் முறைக்காரர், மதியம்தான் வருவேன்.’